கேட்டறிதலும் கண்டறிதலும்: தமிழ் விசைப்பலகை வழியே ஒரு வரலாறு



தமிழ் எழுத்துகள் மொத்தம் 247. கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் மிகும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கென உருவான தட்டச்சுப் பொறியிலோ எழுத்து விசைகள் ஐம்பதைத் தாண்டுவதில்லை. இந்த ஐம்பதுக்குள் அந்த 247ஐ எவ்வாறு அடக்குவது? இக்கேள்விக்கு ஏறத்தாழ நூறாண்டுகளில் மூன்று பெரிய விடைகள் கிடைத்துள்ளன. அவை ஒன்றோடொன்று பொருந்தாதவை. ஆயினும் மூன்றும் இன்றளவும் புழக்கத்தில் உள்ளன. ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் எப்படிச் சரியாக இருக்க முடியும்? விடை கண்டவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு மனிதரை மனத்தில் இருத்தியிருந்தார்கள் என்பதே என் எண்ணம். அதனை விளக்குவதற்கு முன், கணினித் துறையார் பயன்படுத்தும் சில சொற்களை அறிமுகப்படுத்த வேண்டியுள்ளது.

ஒரு கருவியோ மென்பொருளோ என்ன செய்ய வேண்டும் என்பதை அதற்குரியவர்களிடம் கேட்டறிந்து, ஐயத்திற்கு இடமின்றி எழுதி, முரண்களைக் களைந்து, எழுதியபடி கருவி அமைந்ததா என்று சரிபார்க்கும் துறைக்குத் தேவைப் பொறியியல் என்று பெயர். கருவியைக் கையாளும்போது மனிதருக்கு உண்மையில் என்ன நேர்கிறது, எங்கே தடுமாறுகிறார், எதை வெறுக்கிறார் என்று அருகிலிருந்து காண்பது பயனர் அனுபவம் எனப்படும் துறை. விடையை முடிவு செய்யுமுன் சிக்கலையே திரும்பத் திரும்பக் கேள்விக்குட்படுத்தி, அட்டையிலும் காகிதத்திலும் மாதிரிகள் செய்து பார்த்து, தவற்றிலிருந்து கற்கும் முறைக்கு வடிவமைப்புச் சிந்தனை என்பது இன்று பள்ளிகளிலும் வழங்கும் பெயர். முதலாவது கேட்டு எழுதுவது. மற்ற இரண்டும் கண்டு தெளிவது. இவை ஒரே வீட்டில் வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள். ஆனால் தனித்தனி வீடுகளில் வளர்ந்தன.

எழுதும் மரபின் வேர் 1968ஆம் ஆண்டில் இருக்கிறது. ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் அறிவியல் குழு கூட்டிய மாநாட்டில், மென்பொருள்கள் காலந்தாழ்ந்தும் பிழை மலிந்தும் முடிவதைக் கண்டு கவலையுற்ற அறிஞர்கள், பாலம் கட்டுவோரின் ஒழுங்கு மென்பொருளுக்கும் வேண்டும் என்றனர். பாலத்திற்கு வரைபடம் இருப்பதுபோல மென்பொருளுக்குத் தேவை ஆவணம் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1984இல் அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மின், மின்னணுப் பொறியாளர் கழகம் அத்தகைய ஆவணத்தை எழுதுவதற்கு வழிகாட்டி ஒன்றையே வெளியிட்டது. நல்ல முயற்சிதான். ஆனால், எழுதப்பட்டது முழுமையானது என்ற மயக்கமும் அதனுடன் சேர்ந்து வந்தது.

அந்த மயக்கத்தின் விலையை 1992இல் லண்டன் மாநகரம் கண்டது.

லண்டன் அவசர மருத்துவ ஊர்திச் சேவை அப்போது ஏறத்தாழ 600 சதுர மைல் பரப்பில், 68 இலட்சம் மக்களுக்குப் பொறுப்பேற்றிருந்தது. நாளொன்றுக்கு இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட அழைப்புகள் வரும். அழைப்பை ஏற்பவர் விவரத்தைக் காகிதப் படிவத்தில் எழுதுவார். நகரும் பட்டை ஒன்று படிவத்தை அடுத்த மேசைக்குக் கொண்டு செல்லும். ஒரே விபத்தைப் பற்றிப் பலர் அழைத்திருந்தால் அங்குள்ளவர் கண்டுபிடிப்பார். எந்த ஊர்தியை அனுப்பலாம் என்று பகுதிப் பொறுப்பாளர் முடிவு செய்வார். மெதுவான முறைதான், மூன்று நிமிடங்களுக்குள் ஊர்தி புறப்பட வேண்டும் என்ற இலக்கை எட்டுவது கடினமாக இருந்தது. எனவே, இவை அனைத்தையும் கணினியே செய்ய வேண்டும் என்று மிக விரிவான தேவை ஆவணம் எழுதப்பட்டது. அதை எழுதுவதில் ஊர்திப் பணியாளர்களின் பங்கு மிகக் குறைவு.

அக்டோபர் 26ஆம் நாள் காலை புதிய அமைப்பு இயங்கத் தொடங்கியது. ஒவ்வோர் ஊர்தியும் எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்பது பிழையின்றித் தெரிந்திருக்கும் என்ற எடுகோளின்மேல் அது நின்றது. ஆனால், விபத்து நடந்த இடத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பணியாளர், ஊர்தியில் உள்ள பொத்தான்களை ஆவணம் சொன்ன வரிசையில் அழுத்திக்கொண்டிருப்பாரா? சில வேளைகளில் வரிசை மாறியது. சில வேளைகளில் வானொலி இணைப்பு கிட்டவில்லை. கணினியின் கணக்கில் ஊர்திகள் தவறான இடங்களில் நின்றன. தவறான தகவலால் தவறான ஊர்தி சென்றது. தாமதமானதால் மக்கள் மீண்டும் அழைத்தனர். அழைப்புகள் பெருகியதால் எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன. குவிந்தவை திரையின் மேல்விளிம்பைத் தாண்டி மறைந்தன. சில நாள்களுக்குப் பின், நவம்பர் 4ஆம் நாள் அதிகாலையில், நினைவகத்தைத் திருப்பித் தராத சிறு நிரல்பிழை ஒன்றினால் அமைப்பு அடியோடு நின்றுபோனது.

1993 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கையில் நான் பலமுறை திரும்பப் படித்த பகுதி ஒன்று உண்டு. புதிய அமைப்பிற்காகக் கட்டுப்பாட்டு அறையின் இருக்கைகளை மாற்றியமைத்தார்கள். முன்பு அருகருகே அமர்ந்து, ஒருவரோடொருவர் பேசிச் சிக்கல்களைத் தீர்த்த பணியாளர்கள் பிரிந்து உட்கார நேர்ந்தது; கையில் காகிதமும் இல்லை. பக்கத்து மேசையை நோக்கித் தலையைத் திருப்பிக் கேட்பது எந்த ஆவணத்திலும் ஒரு தேவையாக எழுதப்படுவதில்லை. யாரும் அதைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஏனெனில் செய்பவர்களுக்கே தாம் அதைச் செய்வது தெரியாது. அந்த அறையில் ஒரு வாரம் அமர்ந்து பார்த்திருந்தால்தான் அது கண்ணில் பட்டிருக்கும்.

அமர்ந்து பார்க்கும் மரபு அக்காலத்தில் இல்லாமல் இல்லை. 1981 முதல் 1985 வரை ஸ்கான்டிநேவிய நாடுகளில் அச்சுத் தொழிலாளர் சங்கங்களும் ஆய்வாளர்களும் இணைந்து 'உத்தோப்பியா' என்னும் திட்டத்தை நடத்தினர். செய்தித்தாளின் பக்கங்களை அடுக்கும் தொழிலாளருக்குக் கணினி எப்படி அமைய வேண்டும் என்பது கேள்வி. அவர்களிடம் ஆவணத்தை நீட்டினால் தலையாட்டுவார்கள். வேறு என்ன செய்வார்கள்? எனவே, ஒட்டுப்பலகையாலும் காகிதத்தாலும் ஒரு பொய்க் கணினியைச் செய்து அவர்கள் முன் வைத்தனர். லேசர் அச்சுப்பொறி என்று எழுதி ஒட்டிய வெறும் அட்டைப்பெட்டியும் அதில் இருந்தது. தொழிலாளர்கள் அதன்முன் நின்று தம் வேலையைச் செய்வதுபோல் நடித்துக் காட்டியபோது, சொல்லத் தெரியாதவை எல்லாம் கைகளின் வழியே வெளிவந்தன.

அதே காலத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் கூல்டும் துணைவர்களும் 'கேட்கும் தட்டச்சுப் பொறி' என்ற ஆய்வைச் செய்து 1983இல் வெளியிட்டனர். மனிதர் பேசப் பேசத் திரையில் எழுத்து தோன்றும். அன்று அப்படிப்பட்ட பொறி உலகில் இல்லை. அடுத்த அறையில் மறைந்திருந்த தட்டச்சர் ஒருவரே கேட்டுக் கேட்டு அடித்தார்! இல்லாத கருவியை இருப்பதுபோல் காட்டி, அது வந்தால் மக்கள் எப்படிப் பேசுவார்கள் என்று முன்கூட்டியே அறிந்தார்கள். 1985இல் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் எழுதிய கட்டுரை, பயனரை முதலிலேயே அறிதல், அளந்து பார்த்தல், திருத்தித் திருத்திச் செய்தல் என்ற மூன்றை முன்வைத்தது. அமைப்புகளை வடிவமைப்போர் முதலிய 447 பேரிடம் அவர்கள் தம் பணிப்படிகளை எழுதச் சொன்னபோது, பெரும்பாலோர் மூன்றையும் ஒருங்கே குறிப்பிடவில்லை. இவையெல்லாம் இயல்பறிவுதானே என்று சொல்வோருக்கு அதுவே விடையாயிற்று.

1993ஆம் ஆண்டு ஒரு வேடிக்கையான ஆண்டு. லண்டன் அறிக்கை வந்தது. தேவைப் பொறியியலுக்கான முதல் அனைத்துலகக் கருத்தரங்கு அமெரிக்காவின் சான் டியேகோவில் கூடியது. உளவியல் அறிஞர் டொனால்ட் நார்மன் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து 'பயனர் அனுபவம்' என்ற சொல்லைப் பதவிப் பெயராகவே சூடிக்கொண்டார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆண்டில் பெயர்சூட்டு விழா. ஆனால் ஒரு வீட்டார் மறு வீட்டுக்கு அழைப்பிதழ் அனுப்பியதாகத் தெரியவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

247 எழுத்துகளுக்கு முதல் விடை தந்தவர் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளமையிலேயே மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் பணியாற்றியவர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியை நாள்தோறும் கண்டவர் தமிழுக்கும் ஒன்று வேண்டும் என்று முயன்று விசைகளை வகுத்தார். பொறி ஜெர்மனியில் செய்யப்பட்டது. அவர் கண்ட நுட்பம் 'நகரா விசை'. புள்ளியையோ மேல்விலங்கையோ அடித்தால் உருளை நகராது; அடுத்து அடிக்கும் எழுத்து அதன்கீழ் வந்து அமரும். 'கொ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்று அடிக்க வேண்டும். அதாவது, தாளில் இடமிருந்து வலமாகக் கண் எதைக் காண்கிறதோ அதே வரிசையில் விரல் செல்லும். முத்தையாவின் மனத்திலிருந்த பயனர், பயிற்சி பெற்று நாள் முழுவதும் அடிக்கும் தட்டச்சர். சில மாதப் பயிற்சிக்குப் பின் அவர் விசையைப் பார்ப்பதே இல்லை. எனவே வரிசை எவ்வளவு விந்தையாக இருப்பினும் அது அவருக்குச் சுமையன்று.

இங்கே ஒன்றை இடைச்செருகலாகச் சொல்கிறேன். ஆங்கில விசைப்பலகையின் எழுத்து வரிசை தட்டச்சரின் வேகத்தைக் குறைக்கவே வகுக்கப்பட்டது என்ற கதை பாடநூல்களில்கூட உலவுகிறது. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் கோய்ச்சி யசுவோக்கா, மொத்தோக்கோ யசுவோக்கா ஆகியோர் 2011இல் அதனை மறுத்து, மோர்ஸ் குறியீட்டைக் கேட்டு எழுதிய தந்திப் பணியாளர்களின் தேவைகளே அவ்வரிசையை உருவாக்கியதில் பங்காற்றின என்று வாதிட்டனர். அவர்கள் கூற்று சரியெனில், உலகெங்கும் நாம் தொட்டுக்கொண்டிருப்பது மறைந்துபோன ஒரு தொழிலின் பயனர் அனுபவத்தைத்தான்.

கணினி வந்தபோது தமிழுக்கும் ஆர்வலர்கள் கிளம்பினர். கனடாவில் கே. சீனிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளையும், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவையும், சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சியாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' அமைப்பையும் உருவாக்கினர். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியாக்கம். பலவற்றிற்குத் தனி விசை அமைப்பு. ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இந்நிலையைத் தீர்க்க 1997 மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடு தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைத்தது. தமிழக அரசு அவ்வாண்டே அதைத் தரமாக ஏற்றது. கோவிந்தசாமி அதே ஆண்டில் மறைந்தார். இம்முயற்சிகளைத் தொடர 2000 ஜூலையில் உத்தமம் அமைப்பு சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது.

தமிழ்99 இரண்டாவது விடை. தேவை ஆவணம் என்ற நோக்கில் பார்த்தால் அதைப்போல் அழகாக எழுதப்பட்ட ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 விசைகளே போதும். மாற்று விசையின் துணை கிரந்தத்திற்கு மட்டுமே வேண்டும். உயிர்கள் பெரிதும் இடக்கைக்கு, மெய்கள் பெரிதும் வலக்கைக்கு. 'கொ' வேண்டுமெனில் க, ஒ. கொம்பு எங்கே, கால் எங்கே என்ற கவலையே இல்லை. மெய் முன்னும் உயிர் பின்னுமாக உயிர்மெய் ஒலிக்கிறது என்று நம் இலக்கணிகள் சொன்ன வரிசையிலேயே விரல் செல்கிறது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்துவிடும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்கள். ங-வும் க-வும், ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தால் அங்கும் புள்ளி தானே அமையும். தமிழில் இன எழுத்துகள் இணைந்தே வரும் என்ற அறிவு பொறிக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. கண்ணின் வரிசையை விட்டுச் செவியின் வரிசைக்கு வந்த பலகை இது. இதன் பயனர், தமிழைத் தமிழாகக் கற்றவர்.

மூன்றாவது விடைக்கு மாநாடு வேண்டியிருக்கவில்லை. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளால் ஒலித்து அடித்தால் தமிழில் தோன்றும் முறை அது. முரசு அஞ்சல் வழியே இவ்வட்டாரத்தில் பரவலாக அறியப்பட்டது. இலக்கணம் அறிந்தோர் பலர் அதை ஏளனம் செய்தனர். நானும் செய்திருக்கிறேன். அயல்மொழியின் தோளேறித் தமிழுக்கு வருவதா என்று மேடையிலேயே கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் நான் காணத் தவறியது மிக எளியது. என் முன் அமர்ந்திருந்த மாணவர் ஒவ்வொருவரின் விசையிலும் ஆங்கில எழுத்துகளே பொறிக்கப்பட்டிருந்தன. தமிழ்99 தரம் எழுதப்பட்டுவிட்டது. தமிழ் பொறித்த பலகை அவர்கள் மேசைக்கு வரவில்லை. மனனம் செய்யாத ஒருவர் முதல் நாள் அதன்முன் அமர்ந்தால் என்ன ஆகும் என்பது, தரம் எவ்வளவு செம்மையாக இருப்பினும், தரத்திற்குள் எழுதக்கூடிய செய்தியன்று. அதை அவர் அருகில் அமர்ந்துதான் காண வேண்டும்.

அப்படி அமர்ந்தபோது ஏளனத்திற்குரியது எது, கவலைக்குரியது எது என்று பிரித்தறிய முடிந்தது. ஆங்கில வழி அடித்த மாணவி ஒருத்தி 'நன்றி' என்று எழுத முயன்று, தான் குறுஞ்செய்திகளில் எழுதிப் பழகிய ஆங்கில எழுத்துகளையே அடித்தாள். திரையில் 'நன்ட்ரி' வந்தது. அவள் அதைப் பார்த்தாள். தவறு என்று உடனே அறிந்தாள். எப்படித் திருத்துவது என்றுதான் தெரியவில்லை. எழுத்துக்கூட்டு அவளுக்குத் தெரியும். தெரிந்ததைக் கருவியிடம் சொல்லும் வழி தெரியவில்லை. மற்றொரு மாணவன் 'மழை' என்பதற்குத் திரை காட்டிய சொற்பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட்டான். அதற்குள் இருப்பது எந்த ழகரம் என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. முன்னவளுக்கு வேண்டியது நல்ல கருவி. பின்னவனுக்கு வேண்டியது நல்ல ஆசிரியர். இருவரையும் 'தட்டச்சுப் பிழை' என்ற ஒரே தலைப்பில் எழுதி வைத்திருந்தவன் நான்.

கைப்பேசித் திரைகள் வந்தபின் காட்சி மீண்டும் மாறியது. கண்ணாடியில் விசை பொறிக்கப்படுவதில்லை, வரையப்படுகிறது. தமிழ்99 தன் எழுத்துகளோடு பயனரின் கைக்கு வந்தது. 2013இல் ஐபோனின் இயங்குதளம் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டையுமே உள்ளடக்கி வெளியானது. எது சிறந்தது என்று பதினான்கு ஆண்டுகள் நடந்த வாதத்திற்கு அந்நிறுவனம் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு மனிதர்களுக்கு இரண்டு பலகைகளை வைத்தது.

அண்மையில் என் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டில் மூத்தவர் ஒருவருக்கேற்ற தமிழ் விசைப்பலகையை அட்டையில் வரைந்து வர வேண்டும். வரையுமுன் அவரைக் கேட்க வேண்டும். கேட்டபின் ஒரு மாலை முழுவதும் பார்க்க வேண்டும். இறுதியில், தேவைகளை எண்ணிட்ட வாக்கியங்களாக, ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் வழியுடன் எழுத வேண்டும்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவி தன் பாட்டியைக் கேட்டாள். "எழுத்தைப் பெருசாப் போடச் சொல்லு, அது போதும்" என்றார் பாட்டி. முதல் தேவை எழுதப்பட்டது. அன்று மாலை அவள் பார்த்தாள். பாட்டி கைப்பேசியை எடுத்தார், மலாக்காவிலிருக்கும் தங்கைக்கு நான்கு செய்திகள் அனுப்பினார். நான்கும் குரற்பதிவுகள். ஒரு விசையைக்கூட அவர் தொடவில்லை. "ஏன் பாட்டி எழுதல?" என்று கேட்டதற்கு, "எழுதினா அவ கண்ணாடி தேடணும்" என்று விடை வந்தது. தங்கையிடமிருந்து மறுமொழியும் குரலாகவே வந்தது. ஆனால் பாட்டிக்குக் காது சற்று மந்தம். மூன்றுமுறை திரும்பப் போட்டுக் கேட்டார்.

மாணவி கொண்டுவந்த அட்டையில் விசைகளே இல்லை. ஒரு பெரிய வட்டமும் அதன்கீழ் நான்கு வெற்று வரிகளும் இருந்தன. பின்பக்கத்தில் இவ்வாறு எழுதியிருந்தாள்: "1. சின்னப் பாட்டி பேசுவதைக் கருவி பெரிய தமிழ் எழுத்தில் காட்ட வேண்டும். சரிபார்க்கும் வழி: பாட்டி ஒரே முறையில் படித்துப் பதில் சொல்ல வேண்டும். 2. 'பாசாருக்குப் போனேன்' என்று பேசினால் அதை அப்படியே எழுத வேண்டும், 'சந்தை' என்று மாற்றக் கூடாது. சரிபார்க்கும் வழி: இன்னும் தெரியவில்லை, அடுத்த வாரம் பாட்டியோடு பாசாருக்குப் போகிறேன்."